சம்பந்தியின் ஹாட்ஸ்பாட்

என் மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆன பிறகும், எனக்கும் என் சம்பந்தியம்மாவுக்கும் இடையில் நடந்திருந்த மிக நீளமான பேச்சு, காபிக்குச் சர்க்கரை போதுமா என்பதுதான். சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குக்கூட நாங்கள் பழகவில்லை.

பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துகொண்ட கல்யாணம் அது. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்காகத் திருப்பூர் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் கொமரலிங்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர்கள். இரண்டு வீட்டிலும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்து, கடைசியில் மண்டபம் பிடித்தோம். அதன் பிறகு வருடத்துக்கு நான்கு முறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் ஒருவரையொருவர் மரியாதையால் வாட்டி எடுத்தோம். அவர் மாப்பிள்ளையின் அம்மா என்பதால் என் மரியாதை ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

பிள்ளைகள் ராட்டர்டாமில் இருக்கிறார்கள். போன கோடையில் இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். அப்பாக்கள் இருவரும் நழுவிவிட்டார்கள். நாள் முழுக்க அசையாமல் கிரிக்கெட் பார்க்கும் என் வீட்டுக்காரர், ஒரே நாற்காலியில் அத்தனை மணி நேரம் தன்னால் உட்கார முடியாது என்றார். சம்பந்தி வீட்டில் ஒரு மாடு கன்று போட இருந்தது. ஆக, மூன்று வாரம் நானும் சம்பந்தியம்மாவும் மட்டும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஈசிம் வாங்கிட்டேன். கியூஆர் கோடு ரெண்டும் உன் மெயிலுக்கு வந்திருக்கும். நீதான் இதுலல்லாம் கெட்டிக்காரியாச்சே, அத்தைக்கும் நீயே போட்டுக் குடுத்திரு."

கெட்டிக்காரி என்ற சொல் என் காதில் விழுந்ததோடு என் புத்தி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவது, கேட்ட கலரில் கேட்ட அளவில் சட்டை போகிறதா என்று பார்ப்பது, லேபிளும் பார்கோடு ஸ்டிக்கரும் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிப்பது, தவறியிருந்தால் கத்துவது. ஒருமுறை குழந்தைகள் சட்டையில் ஒரு அளவின் ஸ்டிக்கரை இன்னொரு அளவில் ஒட்டிவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் அத்தனையையும் பிரித்து மறுபடி ஒட்ட வைத்தேன். அன்றைக்குப் பேக்கிங் செக்‌ஷனில் நான் கேட்ட கேள்வியை இன்றுவரை அங்கே என் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள்: "கண்ணு எதுக்குப்பா இருக்கு, ஸ்டிக்கர் எது எதுன்னு பாக்கத்தானே?"

ஈசிம் என்பது பெரிய விஷயமில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அட்டை கிடையாது, போனுக்குள்ளேயே எழுதப்படும் சிம். மெயிலில் வந்த கட்டம் கட்டமான படத்தை போனின் கேமராவால் ஸ்கேன் செய்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நெட்டுக்கு மட்டும்தான், பேச முடியாது. பழைய சிம் அதன் பாட்டுக்கு இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். படம் என் போனில் இருந்தது. அதே போனால் அந்தப் படத்தை எப்படி ஸ்கேன் செய்வது? பீரோ கண்ணாடி முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. மறுநாள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய் ஸ்டிக்கர் பிரிண்டரில் இரண்டு படத்தையும் அடித்துத் தரச் சொன்னேன்.

"எந்த ஸ்டைலுக்கு மேடம்?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"அர்ஜென்ட் ஆர்டர்" என்றேன்.

இரண்டு ஸ்டிக்கர் வந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எதில் யார் பெயர் என்று நான் எழுதி வைக்கவில்லை. இதையே வேறு யாராவது செய்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் என்பது மேலே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி கொமரலிங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஒரு கையில் தேங்காய்ப் பை, ஒரு கையில் போன்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க."

"இருக்கட்டுங்க, நீங்க மொதல்ல உக்காருங்க."

"அய்யோ, நீங்க உக்காருங்க."

"நீங்க நின்னுட்டிருக்க நான் உக்காரலாமுங்களா?"

இப்படியே இருவரும் நின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, நடுவில் இருந்த நாற்காலியில் தான் வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது.

சம்பந்தியின் போன் அவர் மகன் முன்பு வைத்திருந்தது. நல்ல போன்தான். பின்பக்கக் கவருக்குள் ஒரு சின்ன விபூதிப் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துப் பயபக்தியோடு மேசையில் வைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"அட்டையே இல்லாம எப்படீங்க சிம்மு?"

"அதெல்லாம் இப்ப காத்துலயே வந்துரும் சம்பந்தி" என்றேன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும்.

"அப்படீங்களா! நமக்கு என்னத்தீங்க தெரியுது."

முதல் ஸ்டிக்கரை அவர் போனில் ஸ்கேன் செய்தேன். செயல்படுத்துகிறேன் என்று சொல்லி ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. காபி வந்தது. சர்க்கரை போதுமா என்ற பேச்சு முடிந்தது. அப்போதும் சுற்றியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. சம்பந்தி வேறு, திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில சமயம் இப்படித்தான், மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே முந்தைய திரைக்குப் போய், மேசையில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். இம்முறை டிங் என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங்.

"பாத்தீங்களா, அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு என் போனை எடுத்து மற்ற ஸ்டிக்கரைக் காட்டினேன். இந்தக் குறியீட்டை இனிப் பயன்படுத்த முடியாது என்றது. துடைத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் காட்டினேன். முடியாது. இன்னொரு ஸ்டிக்கரைக் காட்டினேன். அதையும் முடியாது என்றது. மெதுவாகச் சம்பந்தியின் போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே டிராவல் என்று ஒன்றும், அதன் கீழே டிராவல் இரண்டு என்று ஒன்றும் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. முதல் சிம், நான் அந்தத் திரையை விட்டு வந்த பிறகும் தன் வேலையைத் தொடர்ந்து முடித்திருக்கிறது. மறுபடி என்று நான் எடுத்தது இரண்டாவது ஸ்டிக்கர். ஒரு கியூஆர் கோடு ஒரே ஒரு போனில், ஒரே ஒரு தடவைதான் ஏறும்.

"ஆச்சுங்களா சம்பந்தி?"

"ஆச்சுங்க. ரெண்டும் ஏறிருச்சு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஏறியிருந்தன. எங்கே என்பதைத்தான் சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஈசிம் விற்றவர்களின் உதவிப் பக்கத்துக்குப் போய் நடந்ததை எழுதினேன். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது. எழுதியது மனிதரில்லை என்பது மூன்றாவது பதிலில் தெரிந்தது. அழித்துவிட்டு வேறு போனில் போட முடியுமா என்று கேட்டேன். அழித்தால் அழிந்ததுதான் என்றது. புதிதாக ஒன்று வாங்கலாம். ஆனால் அந்தக் கணக்கு மகளின் கார்டில் இருந்தது. ரசீது அவளுக்குப் போகும். அவள் மாப்பிள்ளையிடம் சொல்வாள், மாப்பிள்ளை அவர் அம்மாவிடம் சொல்வார். கெட்டிக்காரிப் பட்டம் ஒரே நாளில் மூன்று கை மாறிக் கொமரலிங்கத்தில் போய் விழும். வேண்டாம், சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து அபுதாபி போய் விமானம் மாற வேண்டும். அபுதாபியில் இறங்கியதும் சம்பந்தி போனைத் திறந்து பார்த்தார்.

"சம்பந்தி, சிம்மு வரலீங்களே."

"இது ஐரோப்பாவுக்கு மட்டும்தாங்க."

"ஓ, இங்கத்த காத்துல வராதுங்களா" என்று சொல்லி, ரொம்பச் சரி என்பது போலத் தலையாட்டிப் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது அவர் போனில் சேவை இல்லை என்றே காட்டியது. இருக்கிற இரண்டும் இந்தப் போனில். இதுவும் வராவிட்டால் வெளியே நிற்கும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? பெட்டி வரும் பெல்ட் ஓரமாக நின்று, படித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். டேட்டாவுக்கு டிராவல் சிம்மைத் தேர்ந்தெடுத்தேன். ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் அந்த சிம்முக்கான டேட்டா ரோமிங் அணைந்தே இருப்பதைக் கண்டேன். ஊர் சிம்மில் ரோமிங்கை அணைத்து வைக்க வேண்டும், பயண சிம்மில் போட்டு வைக்க வேண்டும். நான் இரண்டையும் அணைத்து வைத்திருந்தேன். போட்டதும் போன் தொடர்ந்து டிங் டிங் என்று அடித்தது. சம்பந்தியின் தங்கைமார்கள் எல்லோரும் காலை வணக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"உங்களுதுலயும் வந்துருச்சுங்களா?" என்றார்.

இதற்கு நான் விமானத்திலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ரெண்டு போன்லயும் ஒரே நேரத்துல ஓடவிட்டா சீக்கிரம் தீந்துரும் சம்பந்தி. உங்களுதுல இருந்தே நான் எடுத்துக்கிடுதேன். ஹாட்ஸ்பாட்டுன்னு ஒன்னு இருக்கு."

"எடுத்துக்கோங்க. இதுக்குப் போய்க் கேக்கோணுமுங்களா?"

அதை எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தேன். இந்தப் பொத்தானை இப்படித் தள்ளினால் எனக்கு வரும், அப்படித் தள்ளினால் நின்றுவிடும். அவர் இரண்டு தடவை தள்ளிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். என் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் என் மாப்பிள்ளையின் பெயர் வந்தது. போன் அவருடையதாக இருந்தபோது வைத்த பெயர், யாரும் மாற்றவில்லை. அதைத் தொட்டேன். நெட் வந்தது.

பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் வைஃபை இருந்ததால் கவலையில்லை. வெளியே போனால்தான் என் பாடு. ஊர் சுற்ற மேப் வேண்டும். மேப் பார்க்கத் தெரிந்தவள் நான். நெட் இருப்பது அவரிடம். அவரைவிட்டுப் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் விலகினால் என் மேப் உறைந்துவிடும். அதனால் அவர் நின்றால் நின்றேன், திரும்பினால் திரும்பினேன். ஒரு கடையில் அவர் இந்தப் பக்க வரிசையில் போனால் நானும் இந்தப் பக்கமே போனேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இவ்வளவு மரியாதை தரும் பெண்ணை அந்த ஊர் பார்த்திருக்காது.

மூன்றாம் நாள் ஒரு புதுச் சிக்கல் தொடங்கியது. நெட் திடீர் திடீரென்று நின்றது. டிராமில் உட்கார்ந்து கம்பெனி மெயில் பார்த்துக்கொண்டிருப்பேன், நின்றுவிடும். ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்ப்பேன், நின்றுவிடும். அரை மணி கழித்துத் தானாகவே வந்துவிடும்.

"நின்னு போச்சுங்களா?" என்று சம்பந்தி வருத்தமாகக் கேட்பார்.

நான் சும்மா விடவில்லை. கம்பெனியில் தையல் குறை வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு நேரம், இடம், வானிலை என்று எழுதிக்கொண்டேன். சார்ஜ் குறைந்தால் நிற்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அவர் போனில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வு செய்யாமல் ஒவ்வொரு கம்பெனியாக நானே மாற்றிப் போட்டேன். ஏபிஎன் என்ற ஒன்றைச் சரி பார்த்தேன். உதவிப் பக்கம் சொன்னதை நம்பி என் போனின் நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். அதில் மகள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் போய், அதை மறுபடி அவளிடம் கேட்க வேண்டி வந்தது.

ஒரு வார நோட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிந்தது. ஆற்றோரத்தில்தான் அதிகம் நிற்கிறது.

"தண்ணி பக்கத்துல சிக்னல் வீக்கா இருக்கும்னு நினைக்கேன்" என்றேன்.

"இருக்குமுங்க" என்றார் சம்பந்தி, ஆற்றைப் பார்த்தபடியே. "எங்கூர்லயும் அமராவதி ஆத்தோரத்துல டவரு கெடைக்காதுங்க."

இப்படி ஊர்ஜிதமான பிறகு எனக்கு மனம் ஆறியது. நெட் இல்லாத அந்த அரைமணிகளில் வேறு வழியில்லாமல் பேசினோம். முதலில் காற்று குளிராக இருக்கிறது என்று பேசினோம். பிறகு மாடு கன்று போட்டது பற்றி. பிறகு நான் திருப்பூர் வந்த புதிதில் வேஸ்ட் துணியைத் திணித்துத் தலையணை செய்துகொண்டு, பிள்ளையை நடுவில் போட்டுப் படுத்தது பற்றி. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் கேட்டதும் இல்லை.

ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

"உங்க புள்ள போட்டோவ அவன் காட்டுனப்ப நாலு நாள் நான் அவங்கூடப் பேசலீங்க."

"நாங்களும்தான் மககிட்ட பேசல" என்றேன்.

"அப்பறம் மொத மொதலா ஊட்டுக்கு வந்தாளுங்களா. கொடியில கெடந்த என் சேலையையெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சா. கடையில மடிக்கற மாதிரி, ஒரு ஓரம் ஒரு நூலு வெளிய தெரியல. நான் அதப் பாத்துட்டே நின்னேனுங்க. நம்ம சேலைய இத்தன வருசத்துல யாருங்க மடிச்சிருக்கா?"

நான் அவருக்குச் சொன்னேன். சம்பளம் போதாத நாட்களில் பனியன் பீஸ் மடிக்கும் வேலையை வீட்டுக்கு வாங்கி வருவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பாள். ஓரம் தெரிந்தால் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வேன். அதற்காக அவளை அழ வைத்திருக்கிறேன்.

"நல்லா அழ வெச்சிருக்கீங்க" என்றார் சம்பந்தி. இருவரும் சிரித்தோம். அப்போது பார்த்து நெட் வந்தது. எனக்கு அது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனோம். மஞ்சள் நிறத்தில் சாய்ந்து நிற்கும் கன சதுர வீடுகளுக்குப் பக்கத்தில், பெரிய திடலில் வாரத்துக்கு இரண்டு நாள் கூடும் சந்தை. மீன், பாலாடைக்கட்டி, பூ, காய், துணி என்று வரிசை வரிசையாகக் கடைகள். சம்பந்திக்குக் காய்க்கடை கண்ணில் பட்டது. எனக்கு டி-சர்ட் குவியல் கண்ணில் பட்டது.

இது என் தொழில் வியாதி. எங்கே டி-சர்ட்டைப் பார்த்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவேன். ஒன்றைத் திருப்பினேன். பக்கவாட்டுத் தையலில் இரண்டு இடத்தில் ஊசி தாண்டியிருந்தது. இன்னொன்றைத் திருப்பினேன். கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டை, இழுத்தால் பழையபடி சுருங்கவில்லை. இதை யார் பாஸ் பண்ணினார்கள் என்ற கோபத்தில் ஐந்தாறு உருப்படிகளைப் புரட்டிவிட்டேன். கடைக்காரர் என்னவோ கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தியைக் காணவில்லை.

போனை எடுத்தேன். வைஃபை குறி இல்லை. ஊர் சிம்மில் பேசுவதற்கு வழியில்லை, குறுஞ்செய்தி மட்டும்தான் வரும். மகளுக்குச் சொல்ல முடியாது, மேப் பார்க்க முடியாது. வீட்டுக்குப் போகும் டிராம் எண்கூட மேப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆனால் என் நிலையைவிட அவர் நிலைதான் பயமாக இருந்தது. அவரிடம் நெட் இருந்தது, ஆனால் அதை வைத்து என்ன செய்வார்? பாஷை தெரியாது. வழி தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாவைச் சந்தையில் தொலைத்துவிட்டு வந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

காய்க்கடைகளை இரண்டு தடவை சுற்றினேன். சேலை கட்டிய பெண்ணைப் பார்த்தீர்களா என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் என் சேலையைச் சுட்டிக் காட்டினார்.

அப்போதுதான் பழக்கதோஷத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். ஏதேதோ பெயர்கள். மீன்கடை தாண்டும்போது என் மாப்பிள்ளையின் பெயர் ஒரு கணம் தோன்றி மறைந்தது. நான் நின்றுவிட்டேன். இரண்டடி பின்னால் போனேன், மறுபடி வந்தது. இடதுபுறம் நடந்தேன், போய்விட்டது. வலதுபுறம் வந்தேன், சிக்னல் ஒரு கோடு. பாலாடைக்கட்டிக் கடை ஓரமாக நடந்தேன், இரண்டு கோடு. கூட்டத்தில் இடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனேன். மூன்று கோடும் நிறைந்தபோது நிமிர்ந்தேன்.

பூக்கடைக்கு எதிரே, நான் சுற்றாமல் விட்ட ஒரு காய்க்கடை முன்னால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். போனைத் தலைக்கு மேலே கை நீளத்துக்கு உயர்த்திப் பிடித்திருந்தார். கை வலித்திருக்க வேண்டும், மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கியிருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார். முகத்தில் பயம் துளிகூட இல்லை.

"எங்க போயிட்டீங்க சம்பந்தி! நான் எப்படி பயந்துட்டேன் தெரியுமா?"

"நான் எங்கீங்க போனேன், நின்ன எடத்துலயே நிக்கறேன். நீங்கதான் துணிக்கடைக்குப் போயிட்டீங்க. சரி, எப்படியும் நெட்டத் தேடிட்டு வருவீங்கன்னு, போட்டுத் தூக்கிப் புடிச்சுட்டேனுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். செவ்வாய்க்கிழமை என்பதால் சம்பந்திக்கு மீன் ஆகாது. இனியும் மறைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அந்த ஈசிம்மு..."

"ரெண்டும் என்ற போன்லயே ஏறிப்போச்சு. அதுதானுங்க?"

நான் வறுவலைக் கையில் வைத்தபடியே பார்த்தேன்.

"டிங்குன்னு ரெண்டு தடவ அடிச்சுச்சுங்களே. அப்பறம் நீங்க ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி மாத்தி உங்க போனுக்குக் காட்டுனீங்க. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. ஊட்டுக்குப் போயி பையங்கிட்ட கேட்டேன். அவன் சிரிச்சான். அத்தகிட்ட ஒன்னும் கேக்கக் கூடாது, சங்கடப்படுவாங்கன்னு சொல்லி வெச்சேனுங்க."

ஆக, மாப்பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என் மகளுக்கும் தெரியும். பாஸ்வேர்டு மறுபடி கேட்டபோது அவள் ஏன் அப்படி உதட்டைக் கடித்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நானும் ஒன்னு சொல்லோணுங்க" என்றார் சம்பந்தி. இப்போது அவர் முகம்தான் ஒரு மாதிரி ஆனது. "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அப்பப்ப நெட்டு நின்னுச்சுங்களே. அது தண்ணியால இல்லீங்க."

"பின்ன?"

"நாந்தானுங்க அணைச்சேன்."

நான் கைப்பையிலிருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க போனையே பாத்துட்டு இருந்தீங்க. இத்தனை தூரம் கூட வந்துட்டுப் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. பேசுங்கன்னு உங்ககிட்ட எப்படீங்க சொல்றது? தப்பா நெனச்சுக்குவீங்க. அதான் நீங்க சொல்லிக் குடுத்த பொத்தானை அந்தப் பக்கம் தள்ளிட்டேன். பேசி முடிச்சதும் இந்தப் பக்கம் தள்ளிருவேனுங்க."

ஏபிஎன், நெட்வொர்க் தேர்வு, செட்டிங்ஸ் அழிப்பு என்று நான் பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்தது. அமராவதி ஓரத்து டவர் பற்றி இந்தப் பெண் எவ்வளவு நிதானமாகச் சொன்னார்! கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மூன்று வருடமாக இந்த அம்மாவைச் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது நான்தானே என்று இருந்தது.

"அந்த நோட்டக் குடுங்க, பாக்கலாம்" என்றார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "சாயங்காலம் நாலு மணி, பாலத்துக்குப் பக்கம், லேசான தூறல், காரணம் தெரியவில்லை" என்று வாய்விட்டுப் படித்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வறுவல் பொட்டலம் கீழே கொட்டிவிட்டது. புறாக்கள் வந்துவிட்டன.

அதன் பிறகு மீதி நாட்களில் அவர் திருட்டுத்தனமாக அணைக்கவில்லை. "சம்பந்தி, அணைக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டே அணைத்தார். ஒரு மெயில், ஒரே ஒரு மெயில் என்று நான் கெஞ்சுவேன். அவர் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சந்தையிலிருந்து நாங்கள் திரும்பிய இரவு, சாப்பாட்டின்போது பிள்ளைகள் இருவரும் எங்களைப் பார்த்த பார்வையே அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதை உறுதி செய்தது. மகள் என் தட்டில் தோசையை வைத்து, "கெட்டிக்காரிக்கு இன்னொன்னு வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலைய வரிசையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் சம்பந்திதான் வைத்திருந்தார். பொழுது போகாமல் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், என்னுடையதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தன்னுடையதை. மறுபடி என்னுடையதை.

"ஏனுங், நீங்க என்னைய விட ரெண்டு வயசு மூத்தவீங்களா?"

நான் அவரை என்னைவிடக் குறைந்தது ஐந்து வயது மூத்தவர் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். தலைக்குச் சாயம் அடித்ததெல்லாம் யாருக்காக என்று ஒரு கணம் எனக்கே வெறுத்துவிட்டது. பாஸ்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்காது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஏதாவது ஒரு தேதியை எழுதுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. போட்டிருக்கறது போட்டிருக்கறதுதானுங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் பாட்டுக்குச் சம்பந்தி சம்பந்தின்னு கூப்புட்டுட்டு இருக்கறேன். இனி அக்கான்னுதான் கூப்புடோணும்."

"சம்பந்தின்னு சொல்றதே நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"இல்லீங்க்கா" என்றார், முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். "நீங்க முன்னால போங்க்கா, பெரியவீங்க."